கடலின் பக்கமிருந்து சிங்கப்பூர்: உறவினர்களோடு தீவுகளைச் சுற்றிய அனுபவம்

விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்கு நாம் பெரும்பாலும் ஒரே சிங்கப்பூரைத்தான் காட்டி அனுப்புகிறோம். தேக்காவில் சாப்பாடு, முஸ்தபாவில் சாமான், மரீனா பேயில் புகைப்படம், செந்தோசாவில் ஒரு நாள் என்று அந்தச் சுற்று முடிந்துவிடுகிறது. இந்த ஊர் ஒரு தீவு என்பதும், இதைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் கிடக்கின்றன என்பதும், நம் முன்னோர் இங்கே வந்து சேர்ந்தது கடல் வழியாகத்தான் என்பதும் வந்தவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. மே மாத இறுதியில் என் அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஜூன் விடுமுறை தொடங்கியிருந்தது. இம்முறை ஊரைக் கடலின் பக்கமிருந்து காட்டுவது என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம்.

அதற்குக் காரணம் எங்கள் தாத்தா. நாகையிலிருந்து ரஜூலா கப்பலில் மேல்தளப் பயணியாக வந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் பல ஆண்டுகள் உழைத்து, ஊர் திரும்பி வீடு கட்டியவர் அவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. எங்கள் பக்கத்தில் அதன் பெயரைக் கேள்விப்படாத பழைய குடும்பம் குறைவு. கப்பலில் கழிந்த நாட்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் தாத்தா, கரையிறங்கும் முன் தங்க வைக்கப்பட்ட தீவைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். அந்தத் தீவைப் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். எங்கள் திட்டம் முழுவதும் அந்த ஆசையிலிருந்து வளர்ந்தது.

ஆனாலும் முதல் நாள் படகு ஏறவில்லை; தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குப் போனோம். இன்று உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கடற்கரையாக இருந்தது. தெருவின் முன்னால் இருந்த கடல் பிற்காலத்தில்தான் நிரப்பப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் ஆண்டவர் பெயரில் எழுப்பிய தர்கா அங்கே நிற்கிறது. சற்றுத் தள்ளி, கடலின் தெய்வமான மாசுவுக்கு ஹொக்கியன் மக்கள் கட்டி 1842இல் நிறைவு செய்த தியான் ஹோக் கெங் கோயில் இருக்கிறது. இரண்டுமே கடலைத் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நன்றி சொன்ன இடங்கள். நாகூருக்குப் பக்கத்தில் வளர்ந்த அக்காவின் மகன், தர்காவின் மூலைக் கோபுரங்களைப் பார்த்ததும், “சித்தி, இது நம்ம நாகூர் மாதிரியே இருக்கே!” என்று தெருவிலேயே நின்றுவிட்டான். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் உள்ளது. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் இண்டியானா கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் தோற்றுவித்த கோயில் அது. இந்த நடையை வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. தீவுகளுக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், பிள்ளைகள் பிறகு எந்தத் தீவின் கரையில் நின்றாலும், யார் எங்கிருந்து வந்து எங்கே இறங்கினார்கள் என்று தாங்களாகவே கேட்கத் தொடங்குகிறார்கள்.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு மரீனா சவுத் பியரிலிருந்து படகு போகிறது. சுமார் அரை மணி நேரப் பயணம். 1819 ஜனவரி 28 அன்று ராஃபிள்ஸின் கப்பல்கள் இந்தத் தீவுக்கு அருகேதான் நங்கூரமிட்டன; மறுநாள் அவர் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறங்கினார். ஆனால் தீவின் பெரிய கதை அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு தொடங்குகிறது. 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவிப் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1874இல் இந்தத் தீவில் தொற்றுத்தடை நிலையம் திறக்கப்பட்டது. நோயுள்ள கப்பல்களில் வந்தவர்கள் நகரத்துக்குள் நுழையும் முன்பு இங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களுடைய உடைமைகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டன. குறிப்பிட்ட நாட்கள் கழிந்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே அவர்களுக்கு ஊருக்குள் வழி விடப்பட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் மக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகளும் இதன் வழியாகக் கடந்தார்கள். 1930களில் இது உலகின் பெரிய தொற்றுத்தடை நிலையங்களில் ஒன்றாக அறியப்பட்டிருந்தது.

இதில் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. மேல்வகுப்பில் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களுக்கும் ஒரே மாதிரியான வரவேற்பு கிடைக்கவில்லை. தீவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தாத்தாவைப் போன்ற ஏழைப் பயணிகள். தாத்தா சொன்ன இரண்டு வாக்கியங்கள் இவைதாம்: துணியையெல்லாம் ஆவியில் வைத்துக் கசங்கலாகத் திருப்பிக் கொடுத்தார்கள், எதிரே ஊரின் விளக்குகள் தெரிந்தன, போக முடியவில்லை. படகுத்துறைக்கு மேலே உள்ள மேட்டில் நின்று வடக்கே பார்த்தால், இன்றும் நகரம் அவ்வளவு அருகில் தெரிகிறது. அக்கா அங்கே வெகுநேரம் நின்றாள். வரலாற்றை ஒரு குடும்பத்தின் கதையோடு சேர்த்துச் சொல்லும்போது, பத்து வயதுப் பிள்ளைகூடப் பொறுமையாகக் கேட்கிறது என்பதை நான் அன்று கண்ணால் கண்டேன். உங்கள் வீட்டில் கப்பலில் வந்த பெரியவர் இருந்தால், இந்தத் தீவுக்குப் போகும் முன் அவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தத் தீவு அரசியல் கைதிகளையும் கண்டது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான சி. வி. தேவன் நாயர், 1951இல் காலனி அரசால் கைது செய்யப்பட்டு இங்கே அடைத்து வைக்கப்பட்டார். 1955 முதல் அபினிப் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் நிலையமும் இங்கே நடந்தது. 1970களின் நடுப்பகுதியில்தான் இது விடுமுறைத் தீவாக மாறியது. இன்று ஒரு பக்கத்தில் கடல்சார் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நிழல் மரங்களின் கீழே செல்லும் நடைபாதையில் தீவின் கதையைச் சொல்லும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களில் பல இப்போது இல்லை. வேலியடைத்த பகுதிகளுக்குள் போகவும் கூடாது. ஆகவே, வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்களுக்கு இது அழகான, அமைதியான ஒரு தோட்டமாக மட்டுமே தெரியும். கதையைப் படகில் ஏறும் முன்போ படகிலோ சொல்லிவிடுவது அவசியம்.

அங்கிருந்து இணைப்புப் பாலச்சாலை வழியாக நடந்தே லாசரஸ் தீவுக்குப் போகலாம். பிறை வடிவில் வளைந்த அந்தக் கடற்கரை பிள்ளைகளுக்குச் சொர்க்கம். ஆனால் அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் எப்போதும் நீருக்குள் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். மாலை நெருங்கும்போது மணற்பூச்சிகள் கடிக்கும். கடித்த இடம் பல நாட்கள் அரிக்கும். பூச்சி மருந்தைக் காலிலும் கணுக்காலிலும் தடவிக்கொண்டு, ஈர மணலில் நேரடியாக உட்காராமல் பாய் விரித்து உட்காருவது நல்லது. செயின்ட் ஜான்ஸில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நாங்கள் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொண்டு போனோம். தண்ணீர் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. திரும்பும் படகுகள் குறைவு, கடைசிப் படகு மாலைக்கு முன்பே போய்விடும் நாட்களும் உண்டு. எனவே திரும்பும் நேரங்களைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

அதே பயணத்தில் கூசு தீவையும் சேர்த்துப் பார்க்கலாம். கப்பல் உடைந்து தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற, பெரிய ஆமை ஒன்று தன்னையே தீவாக மாற்றிக்கொண்டது என்பது அங்கே வழங்கும் கதை. அதற்கேற்ப, கீழே 1923இல் கட்டப்பட்ட துவா பெக் கோங் என்ற சீனத் தெய்வத்தின் கோயிலும், 152 படிகள் ஏறினால் குன்றின் மேல் மூன்று கெராமத்துகளும், அதாவது மலாய்ப் புனிதர்களின் அடக்கத் தலங்களும், இருக்கின்றன. 2022 ஏப்ரலில் ஏற்பட்ட தீயில் கெராமத்துகள் சேதமடைந்தன. மேலே ஏற அனுமதி உண்டா என்று படகுத்துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் பக்தர்கள் பெருங்கூட்டமாக வருவார்கள். வழிபாட்டைக் காண விரும்புகிறவர்கள் அப்போது போகலாம்; கைக்குழந்தையோடு போகிறவர்கள் மற்ற மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கூசுவுக்கு ஒரு மணி நேரம் போதும்.

புலாவ் உபின் தீவுக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் காலையில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, அருகிலுள்ள சாங்கி பாயிண்ட் படகு முனையத்துக்கு நடந்தோம். பம்போட் எனப்படும் சிறு விசைப்படகில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். எங்கள் குடும்பமே ஏறக்குறைய அதை நிரப்பிவிட்டதால் காத்திருக்கவில்லை. கட்டணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். சில்லறையோடு போவது படகோட்டிக்கும் உதவி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. தெம்பனிஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில், தார் குறைந்த சாலைகளும் தகரக் கூரை வீடுகளும் ரம்புத்தான் மரங்களும் இருக்கின்றன என்பதை அத்தானால் நம்பவே முடியவில்லை.

உபினின் வரலாறு கல்லில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே கருங்கல் வெட்டினார்கள். பெட்ரா பிராங்கா பாறையில் 1851இல் ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இந்தத் தீவின் கல்லால் எழும்பியது. 1855இல் ஒளிவிடத் தொடங்கிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும் கல் இங்கிருந்தே போனது. அதை வெட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சிங்கப்பூரில் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்ட கைதிகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் நகரின் பல சாலைகளையும் உருவாக்கிய அதே கைகள்தாம் அவை. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்துக்கும் உபின் கல் பயன்பட்டது. வார இறுதியில் ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறோம்? கைதிகளின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. ஆகவே கல் வெட்டியெடுத்த குழிகளின் முன் நின்றபோது அவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் விரிவாகவே சொன்னேன். அந்தக் குழிகளில் இன்று பச்சை நிற நீர் நிறைந்திருக்கிறது. பெக்கான் குழியின் நடுவிலுள்ள மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. நீர் மிக ஆழமானது. வேலிக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டும்.

படகுத்துறையை ஒட்டிய கடைகளில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வதோடு நின்றுவிடாமல், இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்து, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தீவின் சாலைகளில் திடீர் இறக்கங்கள் உண்டு. சரளைக் கற்களில் சக்கரம் வழுக்கும். வேகமாக இறங்குவதைவிடச் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். கெத்தாம் மலைச் சைக்கிள் பாதைகள் பழகியவர்களுக்கானவை. எங்கள் கூட்டத்தில் என் மகன் மட்டும் தலைக்கவசத்தோடு அவனுடைய அப்பாவுடன் அங்கே போனான். அக்கா சைக்கிள் ஓட்டமாட்டாள். அவளும் நானும் வாடகை வேனில் போனோம். மூட்டுவலி உள்ள பெரியவர்களை இந்தக் காரணத்துக்காக வீட்டில் விட்டுவர வேண்டியதில்லை. குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் சாலையோரம் வரும். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே குரங்குகள் அருகில் வந்துவிடும் என்பதால், சாப்பாட்டை மூடிய பைக்குள் வைத்திருங்கள்.

தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவுக்காகவே உபினுக்குப் போகலாம். மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதறல், சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. இந்தப் பகுதியைக் கடல் நிரப்பும் திட்டத்துக்கு உட்படுத்த இருந்தார்கள். இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் பொதுமக்களும் சேர்ந்து இங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்து எடுத்துச் சொன்னதை அடுத்து, 2001 இறுதியில் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. 2007இல் கடல்மேல் நடைபாதை திறக்கப்பட்டது. பொறுமையாக எண்ணிக் கணக்கெடுத்த தன்னார்வலர்களின் உழைப்பால் ஒரு கடற்கரை பிழைத்தது என்ற இந்தச் செய்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

செக் ஜாவாவுக்குப் போகும் நாளை முடிவு செய்ய, பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பதுபோல, கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. சிங்கப்பூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது மூன்று மீட்டரை நெருங்குகிறது. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த அத்தானே, கடல் அவ்வளவு தூரம் பின்வாங்கிப் பரந்த தரை வெளிப்படுவதைக் கண்டு வியந்தார். ஓதம் உயர்ந்திருக்கும்போது போனால் வெறும் நீர்ப்பரப்பைத்தான் பார்ப்பீர்கள். அட்டவணையில் அரை மீட்டருக்குக் கீழே காட்டும் நேரத்தை ஒட்டிப் போனால், ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளும், சேற்றில் தத்தித் தாவும் மீன்களும், கடற்புல்லுக்கு நடுவே கடல் நட்சத்திரங்களும் தெரியும். ஆண்டின் நடுப்பகுதியில் மிகத் தாழ்ந்த ஓதம் விடியலை ஒட்டியும், ஆண்டின் இறுதியில் மாலையை ஒட்டியும் வரும். ஆகவே ஜூன் விடுமுறையில் முதல் படகுகளைப் பிடிப்பதே நல்லது. தரையில் இறங்கி நடக்க வேண்டுமானால் வழிகாட்டியோடு கூடிய நடைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். இறங்கி நடப்பவர்கள் விரல்களை முழுவதும் மூடும் காலணி அணிவது கட்டாயம். கல்மீன் சேற்றில் கல்லைப் போலவே கிடக்கும். அதன் முள் குத்தினால் வலி கடுமையாக இருக்கும். குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் வைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வானிலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து புயற்காற்றும் இடிமழையும் விடியலுக்கு முன்போ காலையிலோ திடீரென வந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். நாங்கள் உபினில் இருந்தபோது அப்படி ஒரு மழை வந்தது. கூரையுள்ள தங்குமிடத்தில் ஒதுங்கி, இடி முழுவதும் நிற்கும்வரை யாரையும் நடைபாதைக்கோ அங்குள்ள காட்சிக் கோபுரத்துக்கோ போக விடவில்லை. கயாக் துடுப்புப் படகுப் பயணத்துக்கு முன்பதிவு செய்கிறவர்கள், இடி எச்சரிக்கை வந்தால் நாளை மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சதுப்புநிலக் காட்டின் குறுகிய ஓடைகளில் துடுப்புப் போடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. நீச்சல் தெரிந்தவர்களும் மிதவை அங்கியைக் கழற்றக்கூடாது என்பதில் வழிகாட்டி உறுதியாக இருந்தது எனக்கு நிம்மதி தந்தது.

செந்தோசாவை முழுவதும் விட்டுவிடவில்லை. கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பதிலாக, 1870களில் கட்டப்பட்ட சிலோசோ கோட்டைக்கு ஒரு மாலை போனோம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மரங்களின் உச்சிக்கு இணையாகச் செல்லும் வான்பாதையில் நடந்தே கோட்டையை அடையலாம். கடலை நோக்கி நின்ற பீரங்கிகள், 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் படையெடுத்தபோது நிலத்தின் பக்கம் திருப்பிச் சுடப்பட்ட கதையை அங்கே நின்று சொல்வதற்கு அரை மணி நேரம் போதும்.

அக்கா குடும்பம் அடுத்த விடுமுறைக்கு வரும்போது சிஸ்டர்ஸ் தீவுகளுக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். 2014இல் அவற்றைச் சுற்றி நாட்டின் முதல் கடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. பெரிய தீவு சீரமைப்புக்குப் பின் 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் நீர்ப்பரப்பில் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன, அதாவது உலகில் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, என்று சொன்னதிலிருந்து அக்கா மகன் நீச்சல் வகுப்பில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அந்தப் பகுதியில் நீரோட்டம் வேகமானது. கடற்குளத்துக்கு வெளியே நீந்தக்கூடாது என்று அவனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். வரும் தேதியை விமானச்சீட்டு வாங்கும் முன் எனக்குத் தெரிவிக்கும்படி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். அந்த வாரத்தின் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் நாளைச் சொல்வேன்.